கூரைக்குழாய் வழியே போகும் மயக்க மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவக் கழிவு என்றால் நாளிதழ்களில் வழக்கமாக வரும் படம் ஒன்றுதான்: ஏரிக்கரையில் கொட்டிக் கிடக்கும் ஊசிகள், பிரிந்து கிடக்கும் மஞ்சள் பைகள். அந்தப் படம் வரத்தான் வேண்டும். ஆனால் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியேறும் மருந்துகளில் காற்றை அதிகம் கெடுப்பவை எந்தப் பையிலும் விழுவதில்லை. அவை ஒரு குழாய் வழியே மொட்டை மாடிக்குப் போய்க் கலந்துவிடுகின்றன. படம் எடுக்கவும் முடியாது, எடை போடவும் ஆளில்லை. அந்தக் குழாயைப் பற்றியும், தியேட்டரில் உடைத்துப் பயன்படாமல் போகும் மற்ற மருந்துகளைப் பற்றியும் எழுதுகிறோம். நோயாளியின் உடம்புக்குள் போகும் மருந்தைக் குறைக்கச் சொல்லவில்லை. போகாமலே வீணாகும் மருந்தைத்தான் குறைக்கச் சொல்கிறோம். அதுவே பெரும்பங்கு.

முதலில் நைட்ரஸ் ஆக்சைடு. மயக்கத்துக்குக் கொடுக்கும் வாயு, நீல நிற சிலிண்டரில் வருவது. நூறு ஆண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு சூடேற்றும். காற்றில் கலந்தால் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். ஓசோன் படலத்தையும் அரிக்கும். இந்த நூற்றாண்டில் வெளியேறும் வாயுக்களில் ஓசோனுக்கு மிகுந்த கேடு செய்வது இதுதான் என்று வளிமண்டல ஆய்வாளர் ஏ.ஆர். ரவிசங்கராவும் உடன் ஆய்ந்தவர்களும் 2009-இலேயே காட்டிவிட்டார்கள். உலகில் மனிதச் செயலால் நைட்ரஸ் பெருமளவு வெளியேறுவது வயல்களில் போடும் உரத்திலிருந்துதான், மருத்துவமனையிலிருந்து அல்ல. அதை மறைக்கவில்லை. ஆனால் தியேட்டர் கணக்கை மட்டும் எடுத்தால் நைட்ரஸே முதலிடத்தில் நிற்கிறது.

கணக்கு எளிது. பாயில்ஸ் மெஷின் என்னும் மயக்கக் கருவியில் நிமிடத்துக்கு 4 லிட்டர் நைட்ரஸ், 2 லிட்டர் ஆக்சிஜன் என்று வைப்பது நம் தியேட்டர்களில் பழகிப்போன கை. அப்படி ஒரு மணி நேரம் ஓடினால் 240 லிட்டர் நைட்ரஸ், எடையில் சுமார் 440 கிராம். 273-ஆல் பெருக்கினால் 120 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும் என்பதால் இது 52 லிட்டர் பெட்ரோல். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் மோட்டார் சைக்கிளில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு மூன்று முறை போய்விடலாம். ஒரு குடல்வால் ஆபரேஷனுக்கு இவ்வளவு.

அதே ஒரு மணி நேரத்தில் சீவோஃப்ளுரேன் (சுருக்கமாகச் சீவோ) என்னும் ஆவி மயக்க மருந்தை 2 சதவீதத்தில், 6 லிட்டர் ஓட்டத்தில் தாராளமாக விட்டால்கூட ஏறத்தாழ 8 கிலோதான் வரும். ஆகவே விலை கூடிய சீவோவைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே நைட்ரஸைத் திறந்து விடுவதில் பொருளில்லை. முதலில் மூட வேண்டியது அந்த நீலக் குமிழைத்தான்.

இதைவிடப் பெரிய இழப்பு குமிழுக்கு முன்னாலேயே நடக்கிறது. நைட்ரஸ் பெரிய மருத்துவமனைகளில் சுவர்க் குழாய் வழியே வருகிறது. கீழே மேனிஃபோல்டு அறையில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக நிற்கும். ஒரு வரிசை தீர்ந்ததும் அடுத்ததற்கு மாறிக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதி மருத்துவமனைகளில் வாங்கிய அளவையும் நோயாளிக்குக் கொடுத்த அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வாங்கியதில் பெரும்பகுதி நோயாளியின் மூச்சுக்கு வரவே இல்லை என்று தெரிந்தது. குழாயில் கசிந்திருந்தது. அதன் பிறகு பிரிட்டனில் பல மருத்துவமனைகள் மேனிஃபோல்டையே மூடிவிட்டு, தேவைக்கு மெஷினில் மாட்டும் சிறு சிலிண்டருக்குத் திரும்பின. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கமும் 2024-இல் மையக் குழாய் நைட்ரஸை நிறுத்தச் சொல்லிவிட்டது.

கசிவு ஏன் யாருக்கும் தெரிவதில்லை? நைட்ரஸ் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்வரை மேலே நிற்கும் ஆவியின் அழுத்தம் மாறாது. அறை வெப்பத்தில் சுமார் 50 பார், மெஷின் மீட்டரில் 750 பி.எஸ்.ஐ. முக்கால்வாசி காலியான சிலிண்டரும் நிறைந்த சிலிண்டரும் மீட்டரில் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆக்சிஜன் அப்படியல்ல. அது வாயுவாகவே அடைபட்டிருப்பதால் பாதி தீர்ந்தால் முள்ளும் பாதிக்கு இறங்கும். அந்தப் பழக்கத்தில் நைட்ரஸ் மீட்டரைப் பார்த்து 'ஃபுல்லா இருக்கு' என்று சொல்லிவிடுகிறார்கள். நைட்ரஸை அளக்கத் தராசு ஒன்றே வழி. சிலிண்டர் கழுத்தில் காலி எடை பொறித்திருக்கும். அதைக் கழித்தால் மிச்சம்.

எந்த மருத்துவமனையும் ஒரு வாரத்தில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. தியேட்டர் பதிவேட்டில் ஒவ்வொரு கேசுக்கும் நைட்ரஸ் எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். இரண்டையும் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். லிட்டருக்கு 1.84 கிராம். வாரத்தில் 20 கேஸ், 3 லிட்டர் ஓட்டம், ஒரு மணி நேரம் என்றால் 3,600 லிட்டர், அதாவது 6.6 கிலோ. அதே வாரம் மேனிஃபோல்டில் 30 கிலோ பிடிக்கும் சிலிண்டர் ஒன்று தீர்ந்திருந்தால் 23 கிலோவுக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. 23 கிலோ நைட்ரஸ் என்பது ஆறேகால் டன் கரியமில வாயு, அதுவும் ஒரே வாரத்தில்.

காணாமல் போகும் இடங்களும் எங்கும் ஒன்றேபோல்தான் இருக்கின்றன. சிலிண்டரையும் மேனிஃபோல்டையும் இணைக்கும் செம்புச் சுருளின் வாஷர், சுவர் அவுட்லெட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம், கூரையிலிருந்து தொங்கும் பெண்டன்ட் ஹோஸ், கேஸ் முடிந்த பிறகும் இரவெல்லாம் செருகியே கிடக்கும் மெஷின் ஹோஸ். சோப்புத் தண்ணீர் தடவினால் முதல் இரண்டும் அகப்பட்டுவிடும். மற்றவற்றுக்குத் தியேட்டர் எல்லாம் முடிந்த இரவில் அந்தப் பகுதியின் அடைப்பு வால்வை மூடிவிட்டு, அதற்கு அப்புறமுள்ள குழாயில் 4 பார் அழுத்தம் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முள் நகராமல் இருக்க வேண்டும். நகர்ந்தால் ஒவ்வொரு ஹோஸாகக் கழற்றி மறுபடி பாருங்கள். எதுவும் செய்ய முடியாவிட்டாலும், கடைசி கேஸ் முடிந்ததும் நைட்ரஸ் ஹோஸைச் சுவரிலிருந்து உருவிவிடலாம். காசு செலவில்லாத வேலை.

மேனிஃபோல்டை மூடுவதுதான் முழுத் தீர்வு. அதிலும் தவறு நடக்கும் இடங்கள் உண்டு. பழைய பாயில்ஸ் மெஷின்களில் வாயு ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டர்கள் ஆக்சிஜனுக்கும் நைட்ரஸுக்கும் மட்டுமே இருக்கும். காற்றுக்கு ஃப்ளோமீட்டர் கிடையாது. நைட்ரஸை நிறுத்தினால் நோயாளிக்கு நூறு சதவீத ஆக்சிஜன்தான் போகும். அதனால் நுரையீரலின் சிறு அறைகள் சுருங்கும், ஆக்சிஜனும் வீணாகும். சிறிய ஊர் மருத்துவமனைகள் நைட்ரஸை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு உண்மைக் காரணம் இதுதான். பழமை மோகம் என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு முதலில் வேண்டியது மருத்துவத் தரக் காற்று தரும் கம்ப்ரஸரும் மூன்றாவது ஃப்ளோமீட்டரும். அது வந்த பிறகே மூடும் பேச்சு.

மூடும்போது ஒவ்வொரு மெஷினிலும் சிறு சிலிண்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாயு மாறி மாட்டிவிடாமல் தடுக்கும் அதன் முள் துளைகள் 3, 5 இடங்களில் இருக்கும். ஆக்சிஜனுக்கு 2, 5. பயன்படுத்தாத நேரத்தில் சிலிண்டர் வால்வு மூடியே இருக்க வேண்டும். திறந்தே வைத்தால் கசிவு குழாயிலிருந்து மெஷினுக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மிச்சமிருக்கும் சிலிண்டர்களைத் திருப்பி அனுப்பும் முன் 'காலி பண்ணி அனுப்பு' என்று திறந்து விடக் கூடாது. 30 கிலோ நைட்ரஸைத் திறந்து விட்டால் 8 டன் கரியமில வாயு வெளியேறுகிறது என்று பொருள். நிறைந்தபடியே சப்ளையரிடம் போகட்டும்.

நைட்ரஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தைக்கு முகமூடி வைத்துத் தூங்க வைக்கவும், பிரசவ வலிக்கு ஆக்சிஜனோடு சரிபாதி கலந்து கொடுக்கவும், பல் மருத்துவத்திலும் அதற்கு இடமுண்டு. மற்றபடி பெரியவர்களுக்கு அது குமட்டலையும் வாந்தியையும் கூட்டுகிறது. குடலிலும் நடுக்காதிலும் அடைபட்ட காற்றைப் பெருக்குகிறது. பி-12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்கிறது. நாங்கள் இழப்பது அதிகமில்லை.

அடுத்தது ஆவி மயக்க மருந்துகள்: ஐசோஃப்ளுரேன், சீவோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன். இவற்றில் உடம்பு உடைப்பது மிகச் சிறிது. சீவோவில் நூற்றுக்கு ஐந்துக்குள், ஐசோவில் 0.2, டெஸ்ஸில் 0.02. மற்றதெல்லாம் போன வழியே திரும்பி வந்து கூரைக்குழாயில் ஏறுகிறது. அந்தக் குழாய் தியேட்டரில் நிற்பவர்களின் மூச்சைக் காக்கிறது, வானத்தைக் காப்பதில்லை. சூடேற்றும் திறனில் டெஸ் கரியமில வாயுவைப்போல் சுமார் 2,500 மடங்கு, ஐசோ 500 மடங்கு, சீவோ 130 முதல் 200 மடங்கு வரை. டெஸ்ஸில் இன்னொரு சிக்கல்: சீவோ 2 சதவீதத்தில் செய்யும் வேலைக்கு அதற்கு 6 சதவீதம் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் ஒரே ஓட்டத்தில், ஒரே நேரத்தில், சீவோவைவிட முப்பது மடங்குக்கு மேல் கேடு. 240 மி.லி. டெஸ் சீசா ஒன்று கிட்டத்தட்ட 900 கிலோ கரியமில வாயு.

ஸ்காட்லாந்து 2023-இல் டெஸ்ஸை விலக்கியது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் அடுத்த ஆண்டு விலக்கின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி 1 முதல், மருத்துவக் காரணம் கட்டாயப்படுத்தினால் ஒழிய, அதைப் பயன்படுத்தக் கூடாது. உடல் பருமன் மிகுந்த நோயாளி சில நிமிடம் முன்னதாக விழிப்பார் என்பதுதான் டெஸ்ஸுக்காகச் சொல்லப்படும் வாதம். அந்தச் சில நிமிடத்தைச் சீவோவை உரிய நேரத்தில் நிறுத்தியே பெற்றுவிடலாம். நம் தனியார் பெருமருத்துவமனைகள் அதை ஏன் இன்னும் வாங்குகின்றன என்பதற்கு எங்களுக்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

எந்த ஆவி மருந்தானாலும் கையிருப்பு கரைவது வாயு ஓட்டத்தால்தான். நினைவில் வைக்க ஒரு வாய்பாடு உண்டு: ஓட்டம் லிட்டரில், பெருக்கல் சதவீதம், பெருக்கல் மூன்று. விடை, ஒரு மணி நேரத்துக்கு ஆகும் திரவ மருந்து மில்லிலிட்டரில். சீவோ 2 சதவீதம், ஓட்டம் 6 லிட்டர் என்றால் 36 மி.லி. ஓட்டம் 1 லிட்டரானால் 6 மி.லி. அரை லிட்டரில் கணக்குப்படி 3 மி.லி. நடைமுறையில் மருந்தை ஆவியாக்கும் வேப்பரைசரின் டயலைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருப்பதால் 4, 5 ஆகும். 250 மி.லி. சீசா முதல் வகையில் ஏழு மணி நேரத்தில் தீரும். இரண்டாம் வகையில் ஒரு வாரத் தியேட்டரைத் தாண்டும். சூழலைப் பற்றிக் கவலைப்படாத கணக்குப்பிள்ளைகூட இதைக் கேட்பார்.

குறைந்த ஓட்டத்துக்குச் சில நிபந்தனைகள் உண்டு. பெயின் (Bain) சர்க்யூட் என்னும் சுவாசக் குழாய் அமைப்பில் இது நடக்காது. அதில் புதுவாயுதான் கரியமில வாயுவைத் தள்ளுகிறது, கிலோவுக்கு 70 மி.லி. குறையாமல் வேண்டும். குறைத்தால் நோயாளி தன் மூச்சையே திரும்பச் சுவாசிப்பார். கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் உள்ள வட்டச் சர்க்யூட் வேண்டும். சுவாசத்தில் ஆக்சிஜன், கரியமில வாயு, மயக்க மருந்து மூன்றையும் அளக்கும் மானிட்டர் வேண்டும். சர்க்யூட் கசியக் கூடாது: 30 செ.மீ. நீரழுத்தத்தில் நிமிடத்துக்கு 150 மி.லி.க்கு மேல் கசிந்தால் அரை லிட்டர் ஓட்டம் நிற்காது, பை சுருங்கிவிடும். மானிட்டர் உறிஞ்சும் 150, 200 மி.லி. மாதிரிக் காற்றைச் சர்க்யூட்டுக்கே திருப்பி விட வேண்டும். பல இடங்களில் அந்தச் சிறு குழாய் தரையை நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இனி முறை. மூச்சுக்குழாய் செருகும்போது முகமூடியை எடுத்தவுடன் வேப்பரைசரை மூடாமல் புதுவாயு ஓட்டத்தை மூடுங்கள். வேப்பரைசரை மட்டும் மூடி ஓட்டத்தை விட்டுவைத்தால் சர்க்யூட்டில் சேர்ந்த மருந்தெல்லாம் அறைக்குள் கொட்டும். ஓட்டத்தை நிறுத்தினால் அது அங்கேயே காத்திருக்கும். குழாயை மாட்டியதும் 2 லிட்டர், சில நிமிடத்தில் 1 லிட்டர், மானிட்டரில் வெளிவிடும் மூச்சிலுள்ள மருந்தின் அளவு நிலைத்ததும் அரை லிட்டர். இதன் பிறகு டயலைத் திருப்பினால் உடனே விளைவு வராது. சர்க்யூட்டும் நுரையீரலும் சேர்ந்து ஆறேழு லிட்டர் இருக்கும். அரை லிட்டர் ஓட்டத்தில் மாற்றம் முழுதாக வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். புதிதாகப் பழகுபவர்கள் பதறுவது இங்கேதான்: டயலை ஏற்றிக்கொண்டே போவார்கள், பிறகு நோயாளி அளவுக்கு மீறி ஆழ்ந்துவிடுவார். மயக்கம் உடனே ஆழமாக வேண்டுமானால் சிரையில் ஊசி போடுங்கள், அல்லது இரண்டு நிமிடம் ஓட்டத்தைக் கூட்டுங்கள். முடிவில் தையல் தொடங்கியதும் வேப்பரைசரை மூடிவிட்டு ஓட்டத்தைக் குறைத்தே வைத்திருங்கள். தோல் தையல் முடிந்ததும் 6 லிட்டர் ஆக்சிஜனில் கழுவி எழுப்புங்கள்.

ஆக்சிஜன் கணக்கையும் மறக்கக் கூடாது. பெரியவர் ஒருவரின் உடம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மி.லி. ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் 300, காற்று 200 என்று அரை லிட்டர் விட்டால் உள்ளே போகும் ஆக்சிஜன் 342 மி.லி., உடம்பு எடுத்தது போக 92. வெளியேறும் 250 மி.லி.யில் அது 37 சதவீதம், பாதுகாப்பானது. அதே அரை லிட்டரில் காற்றைக் கூட்டி ஆக்சிஜனைக் குறைத்தால் சதவீதம் சரசரவென்று இறங்கும். எச்சரிக்கை மணியை 30-இல் வைத்துவிட்டால் கவலையில்லை.

சோடா லைம் பற்றி இரண்டு வார்த்தை. நிறம் மாறியதும் கொட்டுவது தவறான பழக்கம், மாறவில்லையே என்று விட்டுவைப்பது அதைவிடத் தவறு. ஓய்வில் நிறம் பழையபடி திரும்பிவிடும். உள்ளிழுக்கும் காற்றில் கரியமில வாயு 4, 5 மி.மீ. பாதரசம் தொடும்போது மாற்றுங்கள், அதற்கு முன் தேவையில்லை. சனிக்கிழமை மதியம் ஆக்சிஜனை மூடாமல் போனால் திங்கள் காலைக்குள் லைம் காய்ந்து உலர்ந்திருக்கும். உலர்ந்த லைமில் டெஸ்ஸோ ஐசோவோ பட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். திங்கள் முதல் கேசுக்கு முன் சந்தேகம் வந்தால் லைமைத் தயங்காமல் மாற்றுங்கள். குறைந்த ஓட்டத்தில் சீவோவுடன் லைம் வினைபுரிந்து 'காம்பவுண்ட் ஏ' உண்டாகும் என்ற பயம் பழையது. அது எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. மனிதரில் அப்படிக் காணப்படவில்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இல்லாத லைமை வாங்கினால் அந்தப் பேச்சும் பெரும்பாலும் அடங்கும்.

வாயுவே இல்லாத வழிகளும் உண்டு. சிசேரியனுக்கு முதுகில் போடும் 2 மி.லி. புபிவகெய்ன் ஊசியைவிடச் சிக்கனமான மயக்கம் கிடையாது. கை, கால் அறுவைக்கு நரம்புத் தடுப்பு. ஆனால் ஸ்பைனல் போட்டுவிட்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் 99 இருக்கும் நோயாளிக்கு முகமூடியில் 6 லிட்டர் ஆக்சிஜன் விடுவது, அதைத் தயாரிக்கச் செலவான மின்சாரத்தைக் காற்றில் கரைப்பதுதான்.

வாயு இல்லாமல் முழுவதும் சிரை வழியே புரோபோஃபால் என்னும் மயக்க மருந்தைக் கொடுப்பது காற்றுக்கு நல்லது. தண்ணீருக்கு அவ்வளவு நல்லதல்ல. புரோபோஃபால் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, கொழுப்பில் சேரும், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சிதையாது. உடம்பு அதை நன்றாக உடைத்துவிடும். சிக்கல் உடம்புக்குப் போகாத மிச்சத்தில். இது கொழுப்புக் குழம்பு என்பதால் கிருமி வேகமாக வளரும். திறந்த குப்பியை அடுத்த நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது, ஊசியில் ஏற்றியதையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆகவே மிச்சத்தைக் குறைக்க ஒரே வழி குப்பியின் அளவு. 55 கிலோ முதியவருக்குக் கிலோவுக்கு ஒன்றரை மி.கி. என்றால் 8 மி.லி.தான் வேண்டும். 10 மி.லி. குப்பி போதும். ஸ்டோரில் 20-உம் 50-உம் மட்டுமே இருந்தால் பாதிக்கு மேல் கொட்டத்தான் வேண்டும். 'பெரிய குப்பி மி.லி.க்கு விலை குறைவு' என்ற டெண்டர் கணக்கு, கொட்டியதையும் சேர்த்துப் பார்த்தால் நிற்காது.

குப்பி அளவு சூழலைக் காக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. ஆபரேஷனுக்குப் பின் வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், மாட்டுக்குப் போட்டால் அந்த மாட்டின் பிணத்தைத் தின்னும் பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துச் சாகடித்தது. கால்நடைக்குப் பயன்படுத்த 2006-இல் தடை வந்தது. ஆனாலும் மனிதருக்கான 30 மி.லி. பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015-இல் ஒன்றிய அரசு ஒரு வேளைக்கான 3 மி.லி.க்கு மேல் குப்பி கூடாது என்றது. எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று வட்டமிடும் பாறுகளுக்கு அந்த 3 மி.லி. ஆம்பூலோடு தொடர்பு உண்டு.

'எதற்கும் இருக்கட்டும்' என்று காலையிலேயே உடைத்து ஏற்றி வைக்கும் அட்ரோபின், சக்ஸமெத்தோனியம், எபிட்ரின், மெஃபென்டர்மின் ஊசிகள் இன்னொரு வரிசை. மாலையில் பெரும்பாலும் தொடாமலே குப்பைக்குப் போகின்றன. சிசேரியனுக்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்தைத் தயாராக ஏற்றி வைத்தே ஆக வேண்டும், அதில் சமரசம் இல்லை. மற்ற கேசுகளில் ஆம்பூல், சிரிஞ்சு, ஊசி மூன்றையும் ஒரே தட்டில் பிரிக்காமல் வைத்தால் போதும். உடைத்து ஏற்ற அரை நிமிடம். சக்ஸமெத்தோனியத்தைப் பிரிட்ஜிலேயே விடுங்கள், ஆனால் அந்தப் பிரிட்ஜ் தியேட்டருக்குள் இருக்கட்டும்.

மிச்ச மருந்து எங்கே போக வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன: வேண்டாத மருந்து மஞ்சளுக்கு, கண்ணாடி ஆம்பூலும் குப்பியும் நீல அடையாளப் பெட்டிக்கு, ஊசி துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கு. நடப்பது என்னவோ சிரிஞ்சில் மிஞ்சியதைக் கைகழுவும் தொட்டியில் பீய்ச்சுவது. புரோபோஃபாலானால் வெள்ளையாக ஒரு கோடு ஓடி வடிகாலில் மறையும். பால் ஊற்றியது போலத்தான் இருக்கும். அதைப் பஞ்சிலோ துணியிலோ ஊறவைத்து மஞ்சள் பையில் போட்டால் எரியூட்டியின் இரண்டாம் அறையில், 1,050 டிகிரியில், சிதைந்துவிடும். ஃபென்டனில் போன்ற போதை வகை வலி மருந்துகளுக்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்பதால் தொட்டியில் ஊற்றிக் காட்டும் வழக்கம் வந்தது. சாட்சி முன்னால் பஞ்சிலும் ஊற்றலாம்.

ஆன்டிபயாட்டிக் பற்றிச் சுருக்கமாக. கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபசோலின் 2 கிராம், அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ ஒன்றரை லிட்டர் ரத்தம் போனாலோ இன்னொரு முறை. தோல் தைத்த பிறகு தடுப்புக்காகத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இலேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் சுத்தமான குடலிறக்க ஆபரேஷனுக்கும் மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோன், பிறகு ஐந்து நாள் மாத்திரை. செஃபசோலினில் பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில் போகிறது. செஃப்ட்ரியாக்சோனும் சிறுநீரிலும் மலத்திலுமாகச் சாக்கடைக்கே வருகிறது, அங்கே கிருமிகள் அதோடு பழகிக்கொள்கின்றன. மருந்து உண்டாகும் இடத்தையும் மறக்கக் கூடாது. ஐதராபாத் அருகே பட்டஞ்சேரில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து விட்ட நீரில், லிட்டருக்கு 31 மி.கி. வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து சாப்பிடுபவர் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. ஆலைக் கழிவில் ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்கு வரம்பு வைத்து 2020 ஜனவரியில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் வரைவு வெளியிட்டது. மறு ஆண்டு வந்த இறுதி விதியில் அந்த வரம்புகள் இல்லை. தேவையில்லாமல் எழுதும் ஒவ்வொரு ஐந்து நாள் சீட்டும் அந்த ஆலைகளின் வாசலில் தொடங்குகிறது.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் புரோபோஃபாலின் 10 மி.லி. குப்பியையும், தேவைக்கேற்ற சிறு ஆம்பூல்களையும் தாராளமாக இருப்பில் வைக்க வேண்டும். நைட்ரஸ் சிலிண்டர் பில்லோடு, அந்த மாதம் தியேட்டர் பதிவேட்டில் காட்டிய கிலோ கணக்கையும் இணைத்து அனுப்பச் சொன்னால், கசிவு எந்த மருத்துவமனையில் என்று மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். புதிதாகக் கட்டப்படும் மருத்துவமனைகளின் வரைபடங்களில் நைட்ரஸுக்கும் செம்புக் குழாய் போடுவது பழைய டெண்டரைப் பார்த்து எழுதும் வழக்கம்தான். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, அதே பணத்தில் ஒவ்வொரு தியேட்டருக்கும் காற்றுக் குழாய் ஒன்று இழுத்துக் கொடுக்கட்டும். சுவரைப் பூசிய பிறகு மாற்றுவது கடினம்.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவர்களும் அறுவை அரங்க மருந்தாளுநர்களும்,
திருச்சி.